பெட்டிகிட்ட சொல்லு

பேச்சின் நடுவில்தான் பெட்டி செத்தது.

சாயங்கால நேரம். பூனை தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூனை என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை, வேலை வைத்த பெயர். ஊரார் வீடு மாறும்போது சாமான்களைச் சுமந்து ஏற்றி இறக்குகிற கூட்டத்தில் அவர் ஒருவர். எத்தனை பெரிய பீரோவை முதுகில் ஏற்றினாலும் படியில் அவர் கால் சத்தம் கேட்காது. எதிர் வீட்டில் தூங்குகிற குழந்தைகூடப் புரண்டு படுக்காது. அதனால் பூனை.

அவர் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மெஷினை நிறுத்தினாள். எழுந்தாள். ரிமோட்டைத் தேடினாள். தலையணைக்கு அடியில் கிடந்ததை எடுத்து டிவியின் சத்தத்தை ஒவ்வொரு கோடாகக் குறைத்து, ஒன்றுமே இல்லாமல் ஆக்கினாள். பூனை உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்தார். அந்த வீட்டில் சத்தத்தை முழுசாக அணைத்தால் விஷயம் பெரிய விஷயம்.

“இந்தா பெட்டி, அந்த மனுஷன்கிட்ட உடனே சொல்லு...” என்றாள். குரல் நடுங்கியது.

அவ்வளவுதான். ‘டப்’ என்று ஒரு சத்தம். திரையில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்து, புள்ளியாகி, அதுவும் போய்விட்டது. சொல்ல வந்ததை அவள் வாயோடு மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

இவர்கள் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்கு ஆகிறது. சண்டைக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே பாயில் படுப்பார்கள். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அவள் தைலம் தேய்ப்பாள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் அவர் வேலைக்குப் போக மாட்டார். பேச்சு மட்டும் கிடையாது.

காரணம், ஒரு கண்ணாடி. இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்று அவள் பீரோவை அவரே சுமந்து ஏற்றினார். மேலே வைத்துத் துணியைப் பிரித்தால் கதவுக் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருந்தது. “ஊரான் வீட்டுச் சாமான்னா பூ மாதிரி தூக்கறீங்க. நம்ம வீட்டுச் சாமான்னா கருங்கல்லா?” என்று அவள் கேட்டாள். அது பழைய வீட்டிலேயே விரிசல் விட்டிருந்தது என்றார் அவர். இல்லை என்றாள். ஆமாம் என்றார். “தப்புன்னு ஒத்துக்கிற வரைக்கும் உங்ககூடப் பேசினா என்னை ஏன்னு கேளுங்க.” “நானா வந்து பேசினா என்னை மனுஷன்னே சொல்லாதே.” இரண்டு பேருமே சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ரகம். அதுதான் வினை.

முதல் கொஞ்ச நாள் நடுவில் மாட்டிக்கொண்டது மகள். அப்போது அவள் பள்ளிக்கூடம் போகிற வயது. “அம்மாகிட்ட சொல்லு”, “அப்பாகிட்ட சொல்லு” என்று இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததில், ஒரு நாள் வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிட்டுக் கத்தினாள்: “நான் கணக்குப் போடணும்! வேணும்னா அந்த டிவிகிட்ட சொல்லிக்குங்க!”

கோபத்தில் சொன்னது. ஆனால் அன்று ராத்திரியே தாய் ஆரம்பித்துவிட்டாள். “டிவி, நாளைக்குத் தண்ணி வராதாம். குளிக்கறவங்க இப்பவே குளிச்சுக்கலாம்னு சொல்லு.” பூனை கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். அதில் ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, “சரின்னு சொல்லுப்பா” என்றார்.

அன்றிலிருந்து அதற்குப் பெட்டி என்று பெயர். பெட்டிக்குச் சட்டதிட்டங்களும் வந்துவிட்டன. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பேசலாம். அணைத்திருந்தால் அது தூங்குகிறது, எழுப்பக் கூடாது. சில்லறை விஷயங்களை விளம்பரத்தின்போது பேசிக்கொள்ளலாம். பெரிய விஷயம் என்றால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். ஒருவர் சொன்னதும் மற்றவர் உடனே பதில் சொல்லக் கூடாது, பெட்டி வந்து சொல்வதற்கு ஒரு மூச்சு நேரம் விட வேண்டும். வசவு வார்த்தைகளைப் பெட்டி எடுத்துக்கொண்டு வராது. மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதா இன்னும் படிக்கவைப்பதா என்பதுவரை பெட்டிதான் பேசி முடித்தது. மகள் படித்து, இன்று மருந்துக்கடையில் வேலைக்கும் போகிறாள்.

அந்தப் பெட்டிதான் இப்போது செத்துக் கிடந்தது. அவள் என்ன சொல்ல வந்தாள்?

பூனைக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ‘உடனே’ என்றாளே. அண்ணன் வீட்டுக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்திருப்பாளோ? உடம்பில் ஏதாவது கட்டி கிட்டி வந்திருக்குமோ? குரல் ஏன் அப்படி நடுங்கியது? இல்லை, போனால் போகிறது, கண்ணாடி விஷயத்தை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வந்திருப்பாளோ? இந்தக் கடைசி எண்ணம் வந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். தட்டி எழுப்பி ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. கேட்டால் தோற்றதாகவும் ஆகிவிடும். மறுபடி படுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து வீடு ஊமையாகிவிட்டது. தட்டு வைக்கும் சத்தம், மெஷின் ஓடும் சத்தம், மகளின் செல்போன் சத்தம். மற்றபடி ஒன்றுமில்லை. அவர் மாற்று ஏற்பாடு தேடிப் பார்த்தார். ஃபிரிட்ஜ் இருந்தது, சதா முணுமுணுத்துக்கொண்டு நல்ல சுபாவமாகத்தான் இருந்தது. ஆனால் அது அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது, அந்தக் கட்சி. மின்விசிறியிடம் சொல்லலாம் என்றால் அண்ணாந்து பேசிக் கழுத்து வலித்தது, அதுவும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்ததே தவிர எதையும் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. தையல் மெஷின் அவளுடைய சொந்த ஆள். பீரோ இருந்தது. பீரோவிடம் பேசலாம் என்று நினைக்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

மகளிடம் போய் நின்றார். “கண்ணு, ஒரே ஒரு தடவை...”

“அப்பா, நான் பெட்டி இல்லை” என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

வேலையிடத்தில்தான் விஷயம் வெடித்தது. லிஃப்ட் இல்லாத கட்டடம், நாலாம் மாடி. டிவி எப்போதும் பூனையின் பொறுப்பு. தொழிலில் அதற்கு ஒரு முறை இருக்கிறது: திரையை வெளிப்பக்கம் காட்டித் தூக்கக் கூடாது, சுவரில் இடித்துக்கொள்ளும். திரை நெஞ்சுப் பக்கம் இருக்க வேண்டும், மேலே ஒரு போர்வை, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அப்படி ஏறிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, நெஞ்சோடு ஒட்டியிருந்த அந்தக் கறுப்புத் திரையில் கன்னத்தை வைத்து, அவரையும் அறியாமல் கேட்டுவிட்டார்: “உனக்காவது தெரியுமா, அவ என்ன சொல்ல வந்தா?”

மேலே படியில் வீட்டுக்கார அம்மா நின்றிருந்தாள்.

அவள் நேராக மேஸ்திரிக்குப் போன் போட்டாள். “உங்க ஆளு எங்க டிவியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழறாருங்க. அது புது டிவி.”

மத்தியானச் சாப்பாட்டின்போது மேஸ்திரி லாரிக்குப் பின்னால் பஞ்சாயத்தைக் கூட்டினார். “யோவ் பூனை, ஊரான் டிவிகிட்ட உனக்கென்னய்யா பேச்சு?”

பூனை எல்லாவற்றையும் சொன்னார். கூட்டம் உன்னிப்பாகக் கேட்டது. ஒருத்தர் ரிப்பேர் பார் என்றார். இன்னொருத்தர் ரிப்பேர் பார்த்த டிவி முன்னே மாதிரி இருக்காது, சொன்னதைப் பாதி மறந்துவிடும் என்றார். புதுசே வாங்கு என்றார் மேஸ்திரி. ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடுகிற பையன் மட்டும், அவன் எப்போதும் கொஞ்சம் வெகுளி, “ஏண்ணே, நேராவே கேட்டா என்ன?” என்றான்.

எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

“கல்யாணம் ஆனதும் உனக்கே தெரியும்” என்றார் மேஸ்திரி. ஒல்லி வெட்கத்தில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் டிவி மெக்கானிக் வந்தார். காதில் செருகிய ஸ்க்ரூடிரைவர், கல்யாணக் களை இன்னும் மாறாத முகம். பெட்டியைக் குப்புறப் போட்டு முதுகைத் திறந்தார். பூனை ஒரு பக்கம் குந்தினார். அவள் ஒரு பக்கம் நின்றாள். மெக்கானிக் நடுவில் இருந்தார். ஓடுகிற நிலையில் இருந்தார். வாய் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றிவிட்டது.

“தம்பி” என்றாள் அவள். “மத்தியானம் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுல உப்பு சரியா இருந்துச்சான்னு அவர்கிட்ட கேளுங்க.”

மெக்கானிக் நிமிர்ந்தார். “அண்ணன் பக்கத்துலதானே அக்கா இருக்காரு?”

“பக்கத்துலதான் இருக்காரு. அதனாலதான் உங்களைக் கேக்கச் சொல்றேன்.”

அவர் பூனையைப் பார்த்தார். “அண்ணே... உப்பு?”

“சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுப்பா.”

“சரியா இருந்துச்சாம்க்கா.”

அவள் முகத்தில் அத்தனை நாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. உடனே மெக்கானிக்குக் குடிக்க டீ வந்தது. பிறகு தண்ணீர்க் குழாய் ஒழுகுவது, மகள் தினமும் நேரம் கழித்து வருவது, பக்கத்து வீட்டுக்காரர் செருப்பை இவர்கள் வாசலில் விடுவது எல்லாம் பெட்டியின் திறந்த வயிற்றுக்கு மேலே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. மெக்கானிக் பாவம், எந்தக் கம்பியை எதில் வைத்துப் பற்றவைத்தோம் என்பதையே மறந்துவிட்டார்.

சமயம் பார்த்துப் பூனை தொண்டையைச் செருமினார். “தம்பி, அன்னைக்கு இது நின்னுபோறதுக்கு முன்னாடி அவ என்னமோ சொல்ல வந்தா. அது என்னன்னு...”

“அதை விட்டுறச் சொல்லுங்க” என்றாள் அவள் சட்டென்று. “வெளியாள் முன்னாடி பேசற விஷயமா அது?”

பூனை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வெளியாள் முன்னால் பேச முடியாத விஷயம்!

மெக்கானிக் பெட்டிக்குள் டார்ச் அடித்தார். “உள்ள எல்லாம் கரிஞ்சு போச்சுண்ணே. இதுக்குப் பார்ட்ஸ் போட்டு எழுப்பறதுக்குப் புதுசே வாங்கிடலாம். கொஞ்சம் முன்னாடியே பாத்துப் பிளக்கைப் பிடுங்கியிருந்தாக்கூடப் பொழைச்சிருக்கும்.”

அவள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று உள்ளே போனாள். பூனை அதைக் கவனித்தார். ஆனால் அவர் மனம் கட்டியையும் அண்ணன் வீட்டையும் சுற்றிக்கொண்டிருந்ததால், கவனித்ததை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“புதுசு வாங்கலாமான்னு கேளு தம்பி.”

“புதுசு வாங்கலாமாங்கறாருக்கா!”

“வேணாம்னு சொல்லுங்க” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “புதுசுக்கு நம்ம வீட்டைப் பத்தி என்ன தெரியும்? எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லணும்.”

அடுத்த நாளும் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த நாளும். ‘இன்னொரு தடவை திறந்து பாருங்களேன்’ என்றார்கள். மூன்றாவது முறை அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன். நான் டிவி பாக்கற ஆளு, டிவியா இருக்கற ஆளு இல்லை. நேத்து வீட்டுக்குப் போயி என் பொண்டாட்டிகிட்ட, ‘தண்ணி வேணும்னு சொல்லு’ன்னு சொல்லிட்டேன். யாருகிட்ட சொல்லணும்னு கேட்டு அழறா. எனக்கு இது வேணாம்.”

போய்விட்டார். வீடு மறுபடி ஊமையானது.

மகள்தான் கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்தாள். “ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறோம். மூணு பேரும். பாத்து முடிவு பண்ணுங்க, வாங்கறதா வேணாமான்னு. நான் வழி காட்டுவேன், பஸ்ல டிக்கெட் எடுப்பேன். நடுவுல பேசச் சொன்னா அங்கேயே விட்டுட்டு வந்துருவேன்.”

கடைக்குள் நுழைந்ததும் தாய் நின்றுவிட்டாள். ஒரு சுவர் முழுக்க டிவி. பெரிசு, சிறிசு, நடுத்தரம் என்று தரையிலிருந்து கூரை வரை. எல்லாவற்றிலும் ஒரே படம்: ஆழமான கடல், மஞ்சள் நிறத்தில் ஒரு மீன், அது மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தது. எல்லாத் திரையிலிருந்தும் பார்த்தது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார். “வாங்கம்மா, வாங்க சார். எந்த சைஸ் பாக்கறீங்க?”

“சைஸ் கிடக்கட்டும்” என்றாள் அவள். “வீட்டு விஷயம் பேசினா தாங்குமா?”

விற்பனையாளர் ஒரு நொடி விழித்தார். பிறகு முகம் மலர்ந்தது. “ஓ, வாய்ஸ் மாடலா? இதோ இருக்கு பாருங்க. நீங்க பேசினா இது கேக்கும்.”

“கேட்டுட்டு?”

“பதில் சொல்லும்மா!”

“பதிலா? பதில் சொல்றதுக்கு இது யாரு?”

இருந்தாலும் ரிமோட்டைக் கையில் வாங்கினாள். அதை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு, “அந்த மனுஷன்கிட்ட சொல்லு...” என்று ஆரம்பித்தாள். பெட்டி இடையிலேயே புகுந்தது. இனிமையான ஒரு பெண் குரலில், “மன்னிக்கவும். அந்த மனுஷன் என்ற பெயரில் எதுவும் கிடைக்கவில்லை” என்றது.

பூனைக்குச் சுருக்கென்றது. ஆள் பக்கத்திலேயே நிற்கும்போது எதுவும் கிடைக்கவில்லையாம். அவர் ரிமோட்டை வாங்கினார். “இந்தாம்மா, அவ அன்னைக்கு என்ன சொல்ல வந்தான்னு கேளு.”

“இன்று மழைக்கு வாய்ப்பில்லை” என்றது பெட்டி.

“இது சரிப்படாது” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விற்பனையாளரிடம் சொன்னார்கள்.

அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்று ரொம்பப் பெரிசு, அதன் முன்னால் நின்றால் விசாரணைக்கு வந்த மாதிரி இருந்தது. ஒன்று வளைந்திருந்தது, பேச்சைக் கேட்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜாடை. ஒன்று பளபளவென்று அவர்களையே காட்டியது. கடைசியில் பூனைதான் கண்டுபிடித்தார். மூலையில், கீழ்த்தட்டில், கண்காட்சிக்கு வைத்து வைத்தே பழசாகிப்போன ஒரு சின்ன டிவி. மேலே தூசி. அதிலும் அந்த மீன் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கொஞ்சம் மங்கலாக, யாரையும் பார்க்காமல்.

“அது பழைய மாடல் சார்” என்றார் விற்பனையாளர். “அதுல ஒண்ணுமே கிடையாது. சும்மா இருக்கும்.”

“சும்மா இருந்தாப் போதும்” என்றார் பூனை. “ஒரு தடவை பேசிப் பாக்கணும். மத்ததையெல்லாம் அணைங்க. இத்தனை பேர் முன்னாடி எப்படிப் பேசுவா?”

விற்பனையாளர் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவர் போய்ச் சுவர் முழுவதையும் வரிசை வரிசையாக அணைத்தார். கடை இருண்டது. ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். மூலையில் ஒற்றை மீன் மட்டும் ஓடியது.

பூனை அதன் முன்னால் குந்தினார். “ஏம்ப்பா, புதுசா வரே, உனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிய வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. அன்னைக்கு அவ என்ன சொல்ல வந்தா? நல்லதோ கெட்டதோ, சொல்லிடச் சொல்லு. எனக்குச் சோறு இறங்கலை.”

ஒரு மூச்சு நேரம் விட்டார்.

அவள் நெளிந்தாள். சுற்றிப் பார்த்தாள். தப்பிக்க வழியில்லை.

“இந்தா பெட்டி” என்றாள், மீனைப் பார்த்து, மெல்லிய குரலில். “அந்த மனுஷன்கிட்ட சொல்லு... அன்னைக்கு நான் சொல்ல வந்தது... பழைய பெட்டிக்குப் பின்னாடியிருந்து புகை வருதுன்னுதான்.”

மீன் வாலை ஆட்டியது.

“நான் மெஷின்ல உக்காந்திருந்தா அதோட பின்பக்கம் தெரியும். அவருக்குத் தெரியாது. மூட்டை முடிச்சுத் தூசியில அவருக்கு மூக்கும் கிடையாது. சொல்லலாம்னு எந்திரிச்சேன். சத்தத்தைக் குறைக்காம சொன்னா அவர் காதுல வாங்க மாட்டாரு. ரிமோட்டைத் தேடினேன். கிடைக்கலை. தேடி எடுத்துக் குறைச்சு, சொல்ல ஆரம்பிக்கிறதுக்குள்ள...”

மூச்சு நேரம் விட வேண்டும் என்பதைப் பூனை மறந்தார். பெட்டியை மறந்தார். எழுந்து நின்று, அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துக் கத்தினார்:

“ஏண்டி! நெருப்புப் புடிக்கிற நேரத்துலயும் நடுவுல ஆள் தேடுவியா? அதுவும் எரியற பெட்டிகிட்டயே சொல்லி அனுப்புவியா? ‘ஐயோ, புகை’ன்னு என்கிட்டக் கத்தக் கூடாதா? எனக்கு என்னென்னமோ தோணிச்சுடி! உனக்கு உடம்புக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு... நீ போகப் போறேன்னு...”

குரல் உடைந்துபோய் நின்றார். நின்ற பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல விற்பனையாளர் பக்கம் திரும்பினாள். “பாத்தீங்கல்ல? எல்லாரும் பாத்தீங்கல்ல? அவர்தான் முதல்ல பேசினாரு.”

“ஆமாம்மா” என்றார் விற்பனையாளர், சாட்சி சொல்கிறவர் மாதிரி. ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒருத்தர் கைதட்டினார். மகள் ஒரு அட்டைப்பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி முகத்தை மூடிக்கொண்டாள்.

“பேசினேன்” என்றார் பூனை. “என்ன இப்போ? தோத்துட்டேன். நான் மனுஷனே இல்லைன்னு வெச்சுக்க.”

அவள் அவரைப் பார்த்தாள். நேராகக் கூப்பிடுகிற வார்த்தை நாக்கில் எங்கோ துருப்பிடித்துக் கிடந்தது. தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“ஏங்க” என்றாள். “எனக்கு ஒண்ணும் இல்லை. நல்லாத்தான் இருக்கேன். எங்கேயும் போகலை.”

விற்பனையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழிலையும் விடாமல், “அப்ப இந்தச் சின்னதைப் பேக் பண்ணிடவா?” என்றார்.

“வேணாம்” என்றார் பூனை. “இனி டிவி எதுக்கு? நாங்கதான் பேசிக்கறோமே.”

“எதுக்கா?” என்றாள் அவள். “பாக்கறதுக்கு.”

“பாக்கறதுக்கா?”

“பின்னே? இத்தனை வருஷமா அதுல ஒரு கதையாவது முழுசாப் பாத்திருப்பேனா? உப்பு, குழாய், வாடகைன்னு அது தலையில ஏத்திக்கிட்டேதானே இருந்தோம். யாரு யாரைக் கட்டினா, யாரு யாரைக் கொன்னா, ஒண்ணாவது எனக்குத் தெரியுமா? அந்த நீலச் சேலைக்காரி ஆஸ்பத்திரியில படுத்தாளே, பொழைச்சாளா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“அதான் சொல்றேன்.” அவள் கீழ்த்தட்டைக் காட்டினாள். “இதுவும் வேணாம், முகத்தைப் பாத்தாலே பாவமா இருக்கு. அந்தப் பெரிசை எடுங்க தம்பி. விசாரணை பண்ணுச்சே, அது. பதில் பேசற வாயிருந்தா அதை மட்டும் அடைச்சுக் கொடுத்துருங்க.”

பூனை ஏதோ சொல்ல வந்தார். பழக்கதோஷத்தில் அணைந்து கிடந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் பக்கமே திரும்பி, “சரி” என்றார்.

கடை வண்டியிலேயே கொண்டுவந்து மாடி ஏற்றித் தருகிறோம் என்றார்கள். அவர் சம்மதிக்கவில்லை. வண்டி தெருவோடு நிற்கட்டும், படி என்னுடையது என்றார். அட்டையைப் பிரித்து, போர்வை கேட்டு வாங்கி, திரையை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினார். மகள் முன்னால் போய்க் கதவைத் திறக்க ஓடினாள். மனைவி அவர் பின்னாலேயே ஏறினாள். ஏறிக்கொண்டே பேசினாள். அண்ணன் மகன் படிப்பைச் சொன்னாள். காலர் சரியில்லை என்று சட்டையைத் திருப்பிக் கொடுத்தவளைப் பற்றிச் சொன்னாள். கண்ணாடி விஷயம் தனி, அது இன்னும் முடியவில்லை, அதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றாள். அவர் உம் கொட்டிக்கொண்டே ஏறினார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள், “பாத்து” என்றாள்.

எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். பாத்துப்பா, டிவி. பாத்துப்பா, கண்ணாடி. பாத்து, சுவர்ல பெயிண்ட் அடிச்சிருக்கு. அவர் பழக்கத்தில், “ஒண்ணும் ஆகாது, இடிக்காது” என்றார்.

“டிவி கிடக்குது. உங்க முழங்காலைச் சொன்னேன். மெதுவா வாங்க.”

பூனை அந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். கீழேயிருந்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்து என்ன ஆச்சு என்றார். ஒன்றுமில்லை, மூச்சு வாங்குகிறேன் என்றார்.

சாயங்காலம் பெட்டியை நிறுத்தி, கம்பி சொருகி, எல்லாம் முடிந்தது. மகள் தோழி வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். மனைவி மெஷினை மூடி வைத்துவிட்டு, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். திரையில் யாரோ ஒருத்தி மணமேடையிலிருந்து பாதியில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். பூனை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்குள் பேச்சு முட்டி நின்றது. மேஸ்திரி சொன்னது, ஒல்லி கேட்டது, ஊரான் டிவியில் கன்னத்தை வைத்தது, வருஷக்கணக்கில் பெட்டியிடம் சொல்ல முடியாமல் போனது எல்லாம். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்து, கடைசியில் அவள் பக்கம் திரும்பி, “இந்தா, கேளேன்...” என்றார்.

“ஸ்ஸ்!” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் முழங்கால் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். “பேசாம இருங்க. கதை ஓடுதில்ல?”

பூனை வாயை மூடிக்கொண்டார். அவரிடமே, நேராகச் சொல்லியிருந்தாள். விளம்பரம் வரட்டும் என்று அவர் காத்திருந்தார்.